சேற்று ஏரியின் வரவு செலவு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டர் போல் தள்ளி, சிடார் பாக் என்றொரு ஏரி. ஏரி என்று சொல்வதே மரியாதைக்குத்தான். தண்ணீர் ஒரு மீட்டர் ஆழம் இருந்தால் அதிகம். பனியுகம் முடிந்த காலத்தில் தோன்றிய இந்த நீர்நிலை, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வண்டல் சேர்ந்து சேர்ந்து தூர்ந்துவிட்டது. கரைச் செடிகள் சுற்றிலும் உள்நோக்கிப் படர்ந்து வருகின்றன. இன்னும் சில காலத்தில் சதுப்பு அதை மூடிவிடும். குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைந்து பனிப்பாளம் மூடிக்கொண்டால் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அந்த மூச்சடைப்பைத் தாங்கத் தெரிந்த உயிர்களுக்கு மட்டுமே அங்கே இடம்.

இப்படிச் சாகக் கிடந்த ஏரியைத் தேர்ந்தெடுத்தார் ரேமண்ட் லிண்டிமேன். 1915-ல் பிறந்தவர், மின்னசோட்டாவின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணின் பார்வை மங்கிப்போயிருந்தது. அந்தக் கண்ணோடுதான் ஆண்டுக்கணக்கில் நுண்ணோக்கியில் குனிந்து ஏரியின் சிற்றுயிர்களை எண்ணினார். 1936-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து முனைவர் பட்டம் வாங்கிய 1941 வரை அவருடைய உலகம் பெரும்பாலும் இந்த ஏரிதான். மனைவி எலினாரும் உடன் வந்து மாதிரிகள் எடுக்க உதவினார்.

சின்ன ஏரி என்பதில் ஒரு வசதி இருந்தது. பெரிய ஏரியில் ஒருவர் மீனைப் பார்ப்பார், இன்னொருவர் பாசியைப் பார்ப்பார், மூன்றாமவர் தண்ணீரின் வேதியியலைப் பார்ப்பார். முழு ஏரியை யாரும் பார்க்கமாட்டார்கள். சிடார் பாக்கில் ஒரு படகும் வலையும் சேறு அள்ளும் கருவியும் இருந்தால், ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மிதக்கும் பாசிகள், நீர்த்தாவரங்கள், அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள், சேற்றுக்குள் நெளியும் ஈக்களின் புழுக்கள், அவற்றைத் தின்னும் பூச்சிகள், மீன்கள் என்று லிண்டிமேன் பருவம் பருவமாக அள்ளினார், பிரித்தார், எண்ணினார், உலர்த்தி எடைபோட்டார்.

யார் யாரைத் தின்கிறார்கள் என்பது அப்போதே புதிய கேள்வியில்லை. 1921-ல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழு ஒன்று வடதுருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்குப் போனபோது, அதில் சார்ல்ஸ் எல்டன் என்ற இளைஞர் இருந்தார். மரமே இல்லாத நிலம், விலங்கினங்களும் சொற்பம். துருவநரி எதைத் தின்கிறது, அது தின்னும் பறவை எதைத் தின்கிறது, அந்தப் பறவைக்கு இரையாகும் பூச்சி எதில் வளர்கிறது என்று அவரால் கோடு போட்டுத் தொடர முடிந்தது. உயிர்கள் மொய்த்துக்கிடக்கும் வெப்பமண்டலக் காட்டில் தொடங்கியிருந்தால் அந்தக் கோடு முதல் நாளே சிக்கலாகியிருக்கும். 1927-ல் எல்டன் எழுதிய விலங்குச் சூழலியல் நூலில் உணவுச் சங்கிலியும் எண்ணிக்கைப் பிரமிடும் வந்தன. அடியில் இருப்பவை ஏராளம், மேலே போகப்போக எண்ணிக்கை சுருங்கும், உச்சியில் சில புலிகளோ சில கழுகுகளோ.

அழகான படம்தான். ஆனால் தலைகளை எண்ணுவதில் ஒரு கோளாறு உண்டு. ஒரே ஓக் மரத்தில் ஆயிரக்கணக்கான கம்பளிப்புழுக்கள் மேய்ந்தால் பிரமிடு தலைகீழாகிவிடும். சரி, எண்ணுவதற்குப் பதில் எடைபோடலாம் என்றால் அங்கேயும் வேறொரு சங்கடம். ஏரியில் மிதக்கும் பாசியை ஏதோ ஒரு நாளில் அள்ளி எடைபோட்டால் அது அற்பமாக இருக்கும். அந்த அற்பம்தான் நாள்தோறும் தின்னப்பட்டும் நாள்தோறும் பெருகியும் ஓராண்டில் எத்தனையோ மடங்காகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து, ஆண்டு முழுக்க எவ்வளவு ஓடிப்போனது என்று சொல்லிவிட முடியாது. மரத்தையும் புழுவையும் பாசியையும் மீனையும் ஒரே தராசில் நிறுத்த வேறொரு அளவை வேண்டியிருந்தது.

அந்த அளவையும் கண்ணெதிரேதான் கிடந்தது. செடிகள் வெயிலைப் பிடித்து வேதி ஆற்றலாகச் சேமிக்கின்றன என்று ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் மாயர் 1845-லேயே எழுதிவிட்டார். எண்பது ஆண்டு கழித்து, 1926-ல், எட்கர் டிரான்சோ என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் ஒரு ஏக்கர் மக்காச்சோள வயலை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். வளரும் பருவத்தில் அந்த வயலில் விழுந்த வெயிலில் பயிர் தன் உடலுக்குள் பிடித்தது 1.6 சதவீதம். செழித்த வயல், நல்ல விளைச்சல், அதற்கே இவ்வளவுதான். இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் அந்தக் காலத்தில் அதிர்ந்திருக்க வேண்டும், அதிர்ந்ததாகத் தெரியவில்லை. பயிரோடு கணக்கு நின்றுவிட்டது. பயிரைத் தின்றவர்களின் கணக்கை யாரும் தொடரவில்லை.

இதற்கிடையே, 1935-ல், இங்கிலாந்தின் ஆர்தர் டான்ஸ்லி ஒரு கட்டுரையில் சூழல்மண்டலம் என்ற கருத்தை முன்வைத்தார். உயிர்களை ஒரு பக்கமும் மண், நீர், காற்று, வெயிலை இன்னொரு பக்கமும் வைத்துப் பேசாமல், எல்லாம் சேர்ந்த ஒரே அமைப்பாகப் பாருங்கள் என்றார். சொன்னார், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் எதை அளப்பது என்று அவர் காட்டவில்லை.

சிடார் பாக்கின் சேற்றுக்கு இங்கேதான் வேலை வருகிறது. ஏரியின் அடியில் கிடப்பது வெறும் மண்ணல்ல. செத்த பாசி, அழுகிய இலை, புழுவின் கழிவு, இவற்றின் மேல் கோடிக்கணக்கில் பாக்டீரியா. ஈக்களின் புழு இந்தச் சேற்றை அப்படியே விழுங்குகிறது. அது தின்பது உயிருள்ளதையா, உயிரற்றதையா? பாதி அழுகிய இலையை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? நேற்று உயிராக இருந்தது இன்று சேறு, நாளை மறுபடி ஒரு புழுவின் உடல். இந்த ஏரியில் உயிருக்கும் உயிரற்றதற்கும் நடுவே கோடு போட முயன்றால் கோடு சேற்றுக்குள் கரைந்துவிடுகிறது. லிண்டிமேன் வரைந்த உணவுச் சுழற்சிப் படத்தைப் பார்த்தால், நடுநாயகமாக உட்கார்ந்திருப்பது மீனோ பாசியோ அல்ல, சேறு. எல்லா அம்புகளும் அதற்குள் போகின்றன, அதிலிருந்து வருகின்றன. டான்ஸ்லி நாற்காலியில் உட்கார்ந்து யோசித்ததை இவர் முழங்கால் வரை நனைந்து கண்டுகொண்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உயிரையும் சேற்றையும் பிரிக்க முடியாது என்றான பின் எஞ்சியிருந்த வழி, எல்லாவற்றையும் கலோரியாக மாற்றுவது. எந்த உயிர் எந்த வகை என்பதை ஒதுக்கிவிட்டு, எந்தப் படியில் நிற்கிறது என்று மட்டும் கேட்டார். வெயிலைப் பிடிப்பவை முதல் படி, அவற்றைத் தின்பவை இரண்டாம் படி, அவற்றைத் தின்பவை மூன்றாம் படி. ஒவ்வொரு படிக்கும் லாம்டா என்ற கிரேக்க எழுத்தும் ஓர் எண்ணும். பெயர்களின் கூட்டமாக இருந்த ஏரி, ஒரு சமன்பாட்டுக்குள் வந்தது. ஒரு படிக்கு எவ்வளவு ஆற்றல் வந்தது, அதில் எவ்வளவு மூச்சாகச் செலவானது, எவ்வளவு செத்து அழுகியது, எவ்வளவு அடுத்த வாய்க்குப் போனது என்று வரவு செலவு எழுதினார்.

கணக்கு இப்படி வந்தது. ஏரியின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஓராண்டில் விழும் வெயில் ஏறக்குறைய 1,18,872 கலோரி. அதில் பாசிகளும் நீர்த்தாவரங்களும் பிடித்தது 111.3 கலோரி. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவற்றைத் தின்றவர்களிடம் போய்ச் சேர்ந்தது 14.8. அவர்களைத் தின்றவர்களிடம் 3.1. அத்தனை வெயிலும் கொட்டி, மேலே இருப்பவர்களுக்கு மிஞ்சியது மூன்று கலோரிச் சொச்சம்.

மீதி எங்கே போனது? வெயிலின் பெரும்பகுதி பாசியை எட்டவே இல்லை. தண்ணீரைச் சூடாக்கி, ஆவியாக்கிப் போய்விட்டது. பாசி பிடித்ததிலும் ஒரு பங்கைத் தன் சுவாசத்துக்கே எரித்துவிட்டது. மிஞ்சியதில் கொஞ்சம் யாராலும் தின்னப்படாமல் அடியில் படிந்தது. தின்னப்பட்டதிலும் ஒரு பகுதி செரிக்காமல் கழிவாக வெளியேறியது. செரித்ததிலும் பெரும்பங்கு நீந்த, இரை தேட, உடலைப் பழுதுபார்க்க என்று செலவாகி வெப்பமாகக் கரைந்தது. எஞ்சியது மட்டுமே சதையானது. அந்தச் சதைதான் அடுத்தவருக்கு உணவு. கரியும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேற்றுக்குப் போய்த் திரும்பி வரும், எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றும். வெப்பமாகப் போன ஆற்றல் திரும்பாது. அதனால்தான் எந்த ஏரியும் நேற்றைய வெயிலை மறுபடி பயன்படுத்த முடியாமல் ஒவ்வொரு நாளும் புது வெயிலுக்குக் காத்திருக்கிறது. புலிகள் ஏன் அரிது என்ற எல்டனின் கேள்விக்கு இதில் விடை கிடைத்தது. பல்லின் கூர்மையோ உடலின் பருமனோ காரணமல்ல. அந்தப் படிக்கு வந்து சேரும் ஆற்றல் அவ்வளவுதான்.

1941-ல் லிண்டிமேன் உதவித்தொகை ஒன்றைப் பெற்று யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே எவலின் ஹட்சின்சன் இருந்தார். இங்கிலாந்தில் பிறந்தவர், நீர்ப்பூச்சியில் தொடங்கி எதைப் பற்றியும் பேசக்கூடியவர், 1932-ல் லடாக்கின் ஏரிகளை ஆராய வந்த யேல் பயணக் குழுவில் பணியாற்றியவர். ஏரிகளைப் பற்றிக் கணிதத்தில் யோசிப்பது அவருக்கு ஏற்கெனவே பிடித்த வேலை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை இருவரும் விவாதித்துச் செதுக்கினார்கள். கட்டுரையாக்கி ‘எகாலஜி’ இதழுக்கு அனுப்பினார் லிண்டிமேன்.

திரும்பி வந்தது. படித்துப் பார்த்துக் கருத்துச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் மிச்சிகனின் பால் வெல்ச், இன்னொருவர் விஸ்கான்சினின் சான்சி ஜூடே. இரண்டு பேரும் அமெரிக்க ஏரியியலின் மூத்த தலைகள். ஒரே ஒரு குட்டி ஏரியின் தரவை வைத்து உலகத்து ஏரிகளுக்கெல்லாம் விதி சொல்வதா என்பது அவர்கள் எதிர்ப்பு. ஊகமும் சமன்பாடும் போதும், இப்போது தேவை அளவைகள் என்றார் வெல்ச். ஏரிகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பிடிவாதக்காரர்கள், மனிதன் வகுக்கும் சூத்திரத்துக்குள் அடங்கமாட்டார்கள் என்பது ஜூடேயின் வாதம்.

ஜூடேயைச் சும்மா பழமைவாதி என்று தள்ளிவிடுவது எளிது, நியாயமில்லை. அவரும் எட்வர்டு பர்ஜும் விஸ்கான்சினின் நூற்றுக்கணக்கான ஏரிகளைப் பல பத்தாண்டுகள் அளந்தவர்கள். அவ்வளவு அளந்த ஒருவருக்கு, இருபத்தாறு வயதுப் பையன் ஓர் ஏரியோடு வந்து விதி பேசினால் எரிச்சல் வராதா? வேடிக்கை என்னவென்றால், ஏரிக்கு ஆற்றல் வரவு செலவு எழுதலாம் என்று 1940-ல் செய்து காட்டியவரே ஜூடேதான். மெண்டோட்டா ஏரிக்கு அவர் போட்ட அந்தக் கணக்கைத்தான் லிண்டிமேன் தன் கட்டுரையில் எடுத்தாண்டு, சிடார் பாக்கோடு ஒப்பிட்டிருந்தார். மேலே சொன்ன 1,18,872 கூட ஜூடேயின் எண்தான். ஜூடே எழுதியது ஓர் ஏரியின் கணக்கு. லிண்டிமேன் அதில் படிகளைப் பிரித்து, படிக்குப் படி விகிதம் கண்டு, எந்த ஏரிக்கும் பொருந்தும் கேள்வியாக்கினார். தன் எண்களைக் கொண்டு இன்னொருவர் கட்டிய மாளிகையைப் பார்த்துத்தான் ஜூடே வேண்டாம் என்றார்.

ஹட்சின்சன் சும்மா இருக்கவில்லை. ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லி ஆசிரியர் தாமஸ் பார்க்குக்குக் கடிதம் எழுதினார். கோட்பாடு இல்லாமல் அளந்துகொண்டே போனால் எதை அளக்கவேண்டும் என்பதே தெரியாமல் போகும் என்பது அவர் தரப்பு. லிண்டிமேனும் கட்டுரையைத் திருத்தி மறுபடி அனுப்பினார். பார்க் இதற்குப் பிறகு செய்தது இன்றைய இதழாசிரியர்களுக்குச் சற்றுக் கடினமான காரியம்: மதிப்பீட்டாளர்களின் கருத்தை மீறி, காலம் சலித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தோடு ஏற்றுக்கொண்டார்.

அச்சில் பார்க்க லிண்டிமேன் இல்லை. கல்லீரல் நோயில் விழுந்து 1942 ஜூன் 29 அன்று இறந்தார். இருபத்தேழு வயது முடிய ஒரு மாதம்கூட மிச்சமில்லை. கட்டுரை அந்த அக்டோபரில், கடைசியில் ஹட்சின்சன் எழுதிய சில வரி அஞ்சலியோடு வெளிவந்தது. இருபது பக்கம்.

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த இருபது பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே அளக்கக் கிளம்பியது. அதில் எனக்குப் பிடித்தது ஃப்ளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் கணக்கு. டார்சான் படங்கள் சில எடுக்கப்பட்ட இடம். பளிங்கு போன்ற ஊற்று, ஆண்டு முழுவதும் மாறாத வெப்பம், கண்ணாடி அடிப்பாகம் கொண்ட படகுகளில் சுற்றுலாப் பயணிகள். ஹட்சின்சனின் இன்னொரு மாணவர் ஹோவர்டு ஓடம் அங்கே தண்ணீரில் ஆக்சிஜன் பகலில் எவ்வளவு ஏறுகிறது, இரவில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, 1957-ல் கணக்கை வெளியிட்டார். சதுர மீட்டருக்கு ஆண்டுக்குக் கிலோகலோரியில்: செடிகள் பிடித்தது 20,810, தாவர உண்ணிகளுக்கு 3,368, ஊனுண்ணிகளுக்கு 383, உச்சி வேட்டையாடிகளுக்கு 21. வரவுப் பக்கத்தில் வெயிலோடு இன்னொரு இனமும் இருந்தது: 486 கிலோகலோரி. பயணிகள் மீனுக்குப் போட்ட ரொட்டி! அதையும் சேர்த்தால்தான் வரவும் செலவும் நேராகின. இவ்வளவு நேர்மையான கணக்கு எழுதியவரை நம்பலாம்.

இப்போது நம் மேல்நிலை வகுப்புப் பாடநூல்களுக்கு வருவோம். பத்து சதவீத விதி என்று ஒன்று அவற்றில் உண்டு. பக்கத்தில் லிண்டிமேன், 1942 என்றும் இருக்கும். செடியிடம் 1000 என்றால் ஆட்டிடம் 100, புலியிடம் 10. தேர்வில் எழுதினால் மதிப்பெண் வரும். ஆனால் லிண்டிமேன் கட்டுரையில் அப்படியொரு விதி கிடையாது. சிடார் பாக்கில் இரண்டாம் படிக்கு 13.3 சதவீதம் போனது, மூன்றாம் படிக்கு இருபதுக்கும் மேலே. மெண்டோட்டாவில் 8.7, பிறகு 5.5, பிறகு 13. எண்கள் இப்படி ஏறி இறங்கும்போதும், மேலே போகப்போக விகிதம் கூடும் என்றுதான் அவர் நினைத்தார்: மேல்படி விலங்கு அதிகம் அலைகிறது, அதனால் இரையை அதிகம் பிடிக்கிறது, அதனால் அதிகம் மூச்சாகவும் செலவழிக்கிறது. சில்வர் ஸ்பிரிங்ஸ் அதற்கு நேர் எதிராகச் சொன்னது. அங்கே 16, 11, ஐந்தரை என்று விகிதம் இறங்கிக்கொண்டே போனது.

பத்து என்ற எண்ணுக்கு உரம் போட்டவர்களில் ஒருவர் லாரன்ஸ் ஸ்லோபோட்கின். அவரும் ஹட்சின்சனின் மாணவரே. ஆய்வகத்தில் டாஃப்னியா என்ற தண்ணீர்த்தெள்ளுகளுக்குப் பாசி ஊட்டி, எத்தனை தெள்ளுகளை அவ்வப்போது எடுத்தால் எவ்வளவு திறன் என்று அளந்து, திறன் ஏறக்குறைய மாறாமல் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு வந்தார். 1972-ல் அவரே அதைக் கைவிட்டு, இந்தத் திறன் நிலையானது அல்ல என்று தலைப்பிலேயே தெரியும்படி ஒரு கட்டுரை எழுதினார். நிலையாக இருக்கக் காரணமும் இல்லை. பறவையும் எலியும் உடற்சூட்டைக் காக்கவே தின்றதில் பெரும்பகுதியை எரித்துவிடும்; செரித்ததில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சதையானாலே அதிகம். குளிர்ந்த இரத்தமுள்ள புழுவும் மீனும் அதைவிடப் பல மடங்கு சேமிக்கும். வெட்டுக்கிளி வழியாகப் போகும் வெயிலும் முயல் வழியாகப் போகும் வெயிலும் ஒரே விகிதத்தில் தேயாது. 1995-ல் டேனியல் பாலியும் வில்லி கிறிஸ்டென்சனும் நீர்நிலைகளின் 48 மாதிரியுருக்களைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி 10.1 சதவீதம் என்று வந்தது உண்மைதான். அது சராசரி, தனித்தனி எண்கள் அதற்குக் கீழும் மேலும் நன்றாகவே சிதறிக் கிடந்தன.

சராசரிக்கும் ஒரு பயன் இருந்தது. பிடிக்கப்படும் மீன்கள் ஒவ்வொன்றும் எந்தப் படியில் நிற்கின்றன என்று பார்த்து, கீழ்நோக்கிப் பெருக்கிக்கொண்டே போனார்கள் அந்த இருவரும். உலகத்து மீன்பிடிப்பைத் தாங்க, நீர்நிலைகளின் பாசிகளும் தாவரங்களும் செய்யும் மொத்த உற்பத்தியில் 8 சதவீதம் தேவைப்படுகிறது என்று வந்தது. அதற்கு முந்தைய மதிப்பீடு 2.2தான். திறந்த கடலை விட்டுவிட்டு, மீன்வளம் செறிந்த கரையோரங்களை மட்டும் எடுத்தால் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை போனது. ஒரு கிலோ சூரைக்குப் பின்னால் நிற்கும் பாசி, ஒரு கிலோ மத்திக்குப் பின்னால் நிற்பதைப்போலப் பல மடங்கு.

இதே கணக்கை மனிதனுக்கும் போட்டுப் பார்க்க 2013 வரை ஆனது. நாடு நாடாக மக்கள் என்ன தின்கிறார்கள் என்ற புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு மீன்வள ஆய்வாளர்கள் சிலர் மனிதனின் படியைக் கணித்தார்கள். தாவரத்துக்கு 1, அதை மட்டும் தின்பவருக்கு 2 என்றால், 2009-ல் மனிதகுலத்தின் சராசரி 2.21. உணவுச் சங்கிலியின் உச்சியில் உட்கார்ந்திருப்பதாக நம்மைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருக்க, அந்தப் படியில் நமக்குப் பக்கத்தில் இருப்பவை பன்றியும் நெத்திலி வகை மீனும்.